மருந்து வீடு தேடி வரும் காலம்: மருத்துவத்தில் என்ன மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மாவுக்குப் பதினேழு வருடமாகச் சர்க்கரை. அப்பாவுக்குப் பிரஷர். இருவரையும் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையம், ஜி.எச்., தனியார் ஆஸ்பத்திரி என்று எல்லா வரிசையிலும் நின்றிருக்கிறேன். அந்த வரிசைகளில் பக்கத்தில் நின்றவர்களும், வெளியூரில் இருக்கும் என் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. எந்த மாத்திரையைச் சாப்பிடலாம், எதை நிறுத்தலாம் என்ற பேச்சு இதில் வராது.

மருத்துவத் துறையில் இப்போது நடக்கும் பெரிய மாற்றம் எது? ரோபோவா, செயற்கை நுண்ணறிவா?

இரண்டும் இல்லை. நோயின் குணமே மாறிவிட்டது, அதுதான் பெரிய மாற்றம். என் தாத்தா காலத்தில் ஆஸ்பத்திரி என்றால் காய்ச்சல், பேதி, பிரசவம், எலும்பு முறிவு. போவார்கள், சரியாகும், திரும்பி வருவார்கள். இன்றைய நோயாளி 'சரியாகி'த் திரும்புவதில்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்தால் கடைசி வரை கூடவே இருக்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய இன்டியாப் ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி பேர், அதற்கு முந்தைய கட்டத்தில் இருப்பவர்கள் 13.6 கோடி பேர், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 31 கோடிக்கும் மேல் என்று அது கணக்கிட்டது. கூடவே மக்களுக்கு வயதும் ஆகிறது. 2021 கணிப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

இத்தனை கோடிப் பேரையும் கட்டிலில் படுக்க வைத்துப் பார்க்க முடியாது, அதற்குத் தேவையும் இல்லை. தினமும் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, வருடம் ஒருமுறை கண், கால், சிறுநீரகம். இவ்வளவும் விடாமல் நடந்தால் பெரும்பாலானோர் நன்றாக இருப்பார்கள். இந்த 'விடாமல்' என்பதில்தான் எல்லாமே தடுக்கி விழுகிறது. அதனால் புதிதாக எது வந்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அம்மா நாளைக் காலை மாத்திரை போடுவதற்கு இது உதவுமா?

'மக்களைத் தேடி மருத்துவம்' இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறதா?

நான் பார்த்தவரை இந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்ட திட்டம் அதுதான். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். கொரோனா இரண்டாம் அலை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து பல பேர் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை மாதக்கணக்கில் விட்டிருந்த நேரம் அது.

நடைமுறை எளிமையானது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுத்த சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். ஏற்கெனவே நோய் உறுதியானவர்களுக்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சை, வலி தணிப்புச் சிகிச்சை, வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அதற்கான பைகள் ஆகியவையும் இதில் உண்டு. 2022 டிசம்பரில் ஒரு கோடியாவது பயனாளிக்குத் திருச்சி மாவட்டத்தில் மருந்து கொடுத்தார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் அமைப்புகளுக்கு இடையிலான பணிக்குழு இந்தத் திட்டத்துக்கு விருது கொடுத்தது.

எங்கள் தெருவில் பக்கவாதத்துக்குப் பிறகு எழுந்திருக்காமல் கிடந்த ஒரு பெரியவர் இருந்தார். ஆட்டோ வைத்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் கிடையாது. இயன்முறை சிகிச்சையாளர் வாசலுக்கு வந்த பிறகுதான் அவருடைய கை அசைய ஆரம்பித்தது.

மனதில் உறுத்துவது ஒன்றுண்டு. இந்தத் திட்டத்தைத் தாங்கி நிற்பது அந்தப் பெண்களின் கால்கள். அவர்கள் நிரந்தர ஊழியர்கள் அல்ல, கிடைப்பது சொற்ப ஊக்கத்தொகை. வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிற வேலையைத் தன்னார்வம் என்ற சொல்லுக்குள் அடக்கி வைப்பது நியாயம் இல்லை.

அரசு ஆஸ்பத்திரி மாத்திரையின் தரத்தை நம்பலாமா?

இந்தச் சந்தேகத்தால் இலவச மாத்திரையை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டு, கடையில் காசு கொடுத்து வாங்குபவர்களை எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் பதிவாகி, 1995 தொடக்கத்திலிருந்து மருந்து கொள்முதலைக் கையில் எடுத்தது. அதற்கு முன் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் மருந்து வருவது ஒரு பெரும்பாடு. இந்தக் கழகம் மாநிலம் முழுவதற்கும் சேர்த்து ஒரே டெண்டர் விட்டது. மொத்தமாக வாங்குவதால் விலை சரிந்தது. மருந்து முதலில் மாவட்டக் கிடங்குக்கு வரும். அங்கிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் வெளியே போகும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். வங்கிக் கணக்கு மாதிரி, எவ்வளவு மதிப்புக்கு மருந்து எடுத்தார்கள், இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அதில் தெரியும். கேரளம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்கள் இதைப் பார்த்துத் தங்களுக்கும் கழகம் அமைத்துக்கொண்டன. செயலிகளும் தரவு மையங்களும் வருவதற்கு முன்பே, கிடங்கையும் பாஸ்புக்கையும் வைத்து நடந்த மாற்றம் இது.

சரி, மாத்திரை அட்டையில் பளபளப்பு இருக்காது. உள்ளே இருக்கும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மருந்து அதே மெட்ஃபார்மின்தான்.

ஜெனரிக் மருந்து என்றால் என்ன? முதல்வர் மருந்தகத்தில் வாங்கலாமா?

ஒரு மருந்துக்கு வேதியியல் பெயர் ஒன்று, கம்பெனி வைக்கும் பெயர் பல. கம்பெனிப் பெயரின் விளம்பரச் செலவு இல்லாமல், மருந்தின் சொந்தப் பெயரிலேயே விற்பதைத்தான் ஜெனரிக் என்கிறோம். ஒன்றிய அரசின் ஜன் ஔஷதிக் கடைகள் 2008-லிருந்து இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி 24-ஆம் தேதி, இதே மாதிரி ஜெனரிக் மருந்தைக் குறைந்த விலைக்கு விற்கும் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. மாதம் முழுக்க மாத்திரை சாப்பிடும் குடும்பத்துக்கு இந்த விலை வித்தியாசம் மளிகைச் செலவில் தெரியும்.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அம்மா ஒரு மருத்துவரிடம் சர்க்கரைக்கும் இன்னொருவரிடம் மூட்டு வலிக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாமவரும் சர்க்கரைக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நிறம் வேறு, பெயர் வேறு. மூன்று நாள் கழித்து விடியற்காலையில் அம்மா வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறிக் கிடந்தார். சர்க்கரை அறுபதுக்கும் கீழே இறங்கியிருந்தது. இரண்டு அட்டைகளையும் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டுமே கிளிமிபிரைடு. அன்றிலிருந்து எந்த அட்டை வீட்டுக்கு வந்தாலும் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் பெயரைத்தான் முதலில் படிக்கிறேன்.

போனில் மருத்துவரைப் பார்ப்பது சட்டப்படி சரியா? எப்போது போதும், எப்போது போதாது?

சரிதான். 2020 மார்ச் 25-ஆம் தேதி தொலைமருத்துவ வழிகாட்டுதல்களை ஒன்றிய அரசு வெளியிட்டது. பதிவு பெற்ற எந்த மருத்துவரும் வீடியோ, குரல், எழுத்து வழியாக ஆலோசனை தரலாம். சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளை இப்படி எழுதித் தர அந்த வழிகாட்டுதல் இடம் கொடுக்கவில்லை. அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி வழியாக இலவசமாகவே பேசலாம்.

ரிசல்ட்டைக் காட்டுவது, மாத்திரை அளவைக் கூட்டிக் குறைப்பது, தோலில் வந்த தடிப்பு, மனநல ஆலோசனை ஆகியவற்றுக்குப் போன் போதும். இரண்டு பஸ் மாறி டவுனுக்குப் போய் ஒரு நாள் கூலியை இழப்பவருக்கு இது பெரிய உதவி. ஆனால் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, குழந்தை பால் குடிக்காமல் துவள்வது போன்ற நேரங்களில் போனில் அழைக்க வேண்டியது 108-ஐத்தான். வயிற்று வலிக்கும் போன் ஆலோசனை போதாது, தொட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது.

செயற்கை நுண்ணறிவு மருத்துவரின் இடத்தைப் பிடித்துவிடுமா?

மதுரைக் கதையைச் சொன்னால் புரியும். டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. பின்னால் கிராமங்களில் சின்னச் சின்னக் கண் பரிசோதனை மையங்களைத் திறந்து, டவுனில் இருக்கும் மருத்துவரோடு கணினி வழியே இணைத்தார்கள்.

சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவது வலிக்காது. பார்வை மங்கித் தெரிய ஆரம்பிக்கும்போது பாதி சேதம் முடிந்திருக்கும். ஆகவே சர்க்கரை உள்ள ஒவ்வொருவருக்கும் வருடம் ஒருமுறை விழித்திரையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். பத்துக் கோடிப் பேரின் படங்களைப் பார்க்க விழித்திரை நிபுணர்களுக்கு எங்கே போவது? இந்த இடத்தில்தான் கணினி வந்தது. கூகுள் ஆராய்ச்சியாளர்கள் சுமார் 1.28 லட்சம் விழித்திரைப் படங்களைக் கொடுத்து ஒரு மென்பொருளைப் பழக்கி, அதன் முடிவுகளை 2016-இல் வெளியிட்டார்கள். அமெரிக்கப் படங்களோடு அரவிந்த், சங்கர நேத்ராலயா உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளின் படங்களும் அதில் சேர்ந்திருந்தன. அது கண் மருத்துவர்களுக்கு இணையாகக் குறையைக் கண்டுபிடித்தது.

ஆனால் கவனியுங்கள், கண்டுபிடிப்பதோடு அதன் வேலை முடிந்தது. லேசர் வைப்பது மருத்துவர். அதற்கு முன்னால் நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைச் சரியாகப் பதிய வைத்துப் படம் எடுப்பது ஒரு பெண் ஊழியர். அதற்கும் முன்னால், 'கண்ணு நல்லாத்தானே தெரியுது, எதுக்குப் பார்க்கணும்' என்பவரைச் சம்மதிக்க வைத்துக் கூட்டி வருவது வீட்டில் இருக்கும் நீங்களும் நானும்.

கணினியே இல்லாமலும் இப்படிச் சலித்தெடுக்க முடியும். 2022-இல் தமிழ்நாடு தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' அதைத்தான் செய்தது. நோய் உறுதியானவுடன் எடை-உயர விகிதம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், காலில் வீக்கம், பிடிப்பில்லாமல் நிற்க முடிகிறதா என்று சிலவற்றை மட்டும் பார்க்கிறார்கள். மோசமாக இருப்பவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். இந்தச் சின்னச் சோதனையால் பல மாவட்டங்களில் தொடக்கக் கட்ட இறப்புகள் குறைந்தன. எடை மிஷினும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும், அக்கறையுள்ள ஒரு ஊழியரும் போதுமாக இருந்தது.

ரோபோ அறுவை சிகிச்சை நல்லதா?

சில புற்றுநோய், சிறுநீரக, புராஸ்டேட் அறுவைகளில் நுணுக்கமாகச் செய்ய உதவுகிறது. கையை அசைப்பவர் மருத்துவர்தான், இயந்திரம் அவருடைய கருவி. செலவு அதிகம். 'ரோபோ இருக்கிறதா' என்று கேட்பதைவிட 'இந்த அறுவையை நீங்கள் எத்தனை முறை செய்திருக்கிறீர்கள்' என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

காப்பீட்டில் என்ன மாறியிருக்கிறது?

தமிழ்நாட்டில் அரசு காப்பீடு 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது. 2012-லிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2018-இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் வரை தரும் ஆயுஷ்மான் ஏற்பாடு 2024 அக்டோபர் 29-இல் தொடங்கியது.

தனியார் பாலிசி வைத்திருப்பவர்களுக்கு 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சில நல்ல மாற்றங்களைச் செய்தது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. ஐந்து ஆண்டு தொடர்ந்து கட்டிய பாலிசியில் 'அப்போது சொல்லவில்லை' என்று காரணம் காட்டிக் கிளெய்மை மறுக்க முடியாது, மோசடி நிரூபணமானால் தவிர. ஆஸ்பத்திரிக்குக் காப்பீட்டுக் கம்பெனியே நேராகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் முறைக்கான அனுமதி ஒரு மணி நேரத்துக்குள், டிஸ்சார்ஜ் அனுமதி மூன்று மணி நேரத்துக்குள் வர வேண்டும். 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது.

நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசாகக் கொடுப்பது 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22-இல் 39.4 சதவீதம் என்று அரசுக் கணக்கு சொல்கிறது. நல்ல இறக்கம்தான். ஆனாலும் இந்தக் காப்பீடுகள் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தருகின்றன. மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் தருவதில்லை. சிறுநீரகம் கெட்ட பிறகு டயாலிசிஸுக்குக் காசு உண்டு, கெடாமல் காக்கும் மாத்திரைக்கு இல்லை. இந்த ஓட்டையைத்தான் அடுத்து அடைக்க வேண்டும்.

எடை குறைக்கும் ஊசி பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். போட்டுக்கொள்ளலாமா?

மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. வாரம் ஒரு ஊசி. பசியைக் குறைக்கிறது, சர்க்கரையையும் கட்டுப்படுத்துகிறது. வெகோவியில் இருக்கும் செமாக்ளூடைடு மருந்துக்கு இந்தியாவில் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். அதன் பிறகு இந்தியக் கம்பெனிகளும் தயாரிக்கலாம் என்பதால்தான் இத்தனை பேச்சு. உடல் பருமனோடு சர்க்கரையும் சேர்ந்தவர்களுக்கு உண்மையிலேயே பயன் தரும் மருந்து. குமட்டல், வாந்தி வரலாம். கொழுப்போடு தசையும் கரையும். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும். கல்யாணத்துக்கு முன் மூன்று மாதம் போட்டுவிட்டு விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஆன்டிபயாட்டிக் பற்றி ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறார்கள்?

பயப்பட வேண்டிய விஷயம்தான். உலகில் 2019-இல் மட்டும் சுமார் 12.7 லட்சம் பேர் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தார்கள். எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் எளிதில் மசியாத என்.டி.எம்.-1 வகைக் கிருமிகள் பற்றி 2010-இல் வந்த முக்கியமான ஆய்வில் சென்னையில் எடுத்த மாதிரிகளும் இருந்தன. 2012-இல் இந்திய மருத்துவ அமைப்புகள் கூடி எழுதிய செயல்திட்டத்துக்கே 'சென்னைப் பிரகடனம்' என்று பெயர்.

சளிக் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள், மருந்துக்கடைக்காரர் கொடுத்தாலும். போன தடவை மிச்சம் இருந்த நாலு மாத்திரையைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கும் பழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள்.

ஆபா எண் எடுக்க வேண்டுமா? என் விவரம் பத்திரமாக இருக்குமா?

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பரில் தொடங்கியது. அதில் கிடைக்கும் 14 இலக்க எண்தான் ஆபா. பழைய ரிசல்ட், டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாவற்றையும் இதோடு இணைக்கலாம். சில ஆஸ்பத்திரிகளில் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்தால் ஓ.பி. சீட்டு வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். கட்டாயம் கிடையாது. எண் இல்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்கக் கூடாது.

விவரத்தை இன்னொருவர் பார்க்க உங்கள் சம்மதம் வேண்டும், ஓ.டி.பி. வரும். போனில் யாரோ கேட்டார்கள் என்று அந்த எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. என்றாலும் அம்மாவின் ஃபைலைக் காகிதத்தில் வைத்திருப்பதை நான் விடவில்லை. கரண்ட் இல்லாத நேரத்திலும் அதைப் பிரித்துப் பார்க்கலாம்.

மனசு சரியில்லை என்றால் யாரிடம் பேசுவது?

14416. டெலி-மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் இது, 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களும் கூப்பிடலாம். நான் கூப்பிட்டிருக்கிறேன்.

நாங்கள் வெளியூரில், அப்பா அம்மா ஊரில். முதலில் எதை ஏற்பாடு செய்வது?

வாட்ச், சென்சார், செயலி என்று வாங்கி அனுப்புவதற்கு முன்னால் ஒரு முழு வெள்ளைத் தாளை எடுங்கள். அவர்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் மருந்தின் சொந்தப் பெயரில், எத்தனை மில்லிகிராம், காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் சிவப்பு மையில். நாலு காப்பி எடுத்து ஒன்றை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், ஒன்றை ஃபைலில் வையுங்கள், ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கட்டும், ஒன்றைப் படம் பிடித்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் காப்பீட்டு அட்டை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் பகுதியின் சுகாதாரத் தன்னார்வலர் யார், அவர் போன் நம்பர் என்ன என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் அந்தத் தாள் மூன்று முறை மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் பழையதைக் கிழித்துவிட்டுத்தான் புதியதை ஒட்டுகிறோம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அம்மா பழையதைத்தான் பார்ப்பார்.